முப்பது வளையங்களும் நூற்றைம்பது துளிகளும்

நான் எதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று ஒருநாள் பழைய டைரியின் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். அறுபத்து மூன்று வந்தது. (இந்தப் பட்டியலை என் மனைவி லில்லி படித்துவிடுவாளோ என்பது அறுபத்து நான்காவது. அதை எழுதவில்லை.) மின்னல், மாடு, பேருந்தின் பின்படி, காய்த்து நிற்கும் தென்னையின் அடி, விடியுமுன் அடிக்கும் தொலைபேசி என்று போகிற அந்தப் பட்டியலில் முதலிடம் எதற்கு என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு கறுப்பு ரப்பர் வளையம். வெளிவிட்டம் நாற்பத்திரண்டு மில்லிமீட்டர். உள்ளங்கையில் வைத்தால் அச்சுமுறுக்கு மாதிரி இருக்கும். கடிக்காது, சுடாது, ஷாக் அடிக்காது. ஆனாலும் இன்றுவரை முதலிடம் அதற்குத்தான்.

தபால் ஆபீசில் முப்பத்தாறு வருடம் நான்கு மாதம் வேலை பார்த்துவிட்டு, 2010-இல் ஓய்வு பெற்றேன். அங்கே எண்ணுவதற்கு நிறைய இருந்தது. கடிதங்கள், கட்டுகள், சாக்குகள், முத்திரைகள். வீட்டில் அப்படி ஒன்றுமில்லை. ஆகவே முன்வாசலில் இருந்து கேட் வரை எத்தனை அடி (முப்பத்தொன்று), பக்கத்து வீட்டு நாய் ஒரு மணி நேரத்தில் எத்தனை தடவை குரைக்கிறது (சராசரி நாற்பது), குக்கர் எத்தனை விசில் (லில்லி மூன்று என்பாள், உண்மையில் நான்கு) என்று பார்த்துக்கொண்டிருந்தேன். பதினான்கு மாதம் லில்லி பொறுத்தாள். பிறகு குலசேகரத்தில் இருக்கும் தன் தம்பி தங்கராஜுக்கு என் முன்னாலேயே போன் போட்டாள்.

"மக்கா, இந்த மனுசன் நான் தின்னுத தோசையையும் எண்ணத் தொடங்கியாச்சு. ஒனக்க கம்பெனியில எண்ணுததுக்கு வல்லதும் உண்டா?"

"நெறைய உண்டு அக்கா. அத்தானை திங்கக்கிழமையே அனுப்பி விடு."

அப்படித்தான் அறுபத்தொன்றாவது வயதில் நான் தரக்கட்டுப்பாட்டு அதிகாரி ஆனேன். (அதிகாரி என்று நானே வைத்துக்கொண்டேன். சம்பளப் பட்டியலில் 'அத்தான்' என்றுதான் இருந்தது.)

தங்கராஜின் தொழிற்சாலை ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, ஓட்டுக்கூரை போட்ட நீளமான ஒரு கட்டடம். ரப்பரைச் சூடாக அச்சில் அழுத்தி வளையம், வாஷர், மிதியடி எல்லாம் செய்கிற மூன்று இயந்திரங்கள். மொத்தம் நாற்பத்தொரு பேர். அதில் பத்தொன்பது பெண்களுக்குப் பிசிறு வெட்டுகிற வேலை. அச்சிலிருந்து வரும் வளையத்தின் ஓரத்தில் மீன் செதிள் மாதிரி ஒட்டியிருக்கும் மெல்லிய ரப்பரைச் சின்னக் கத்தியால் நறுக்கி எடுப்பார்கள். அவர்களுக்குத் தலைவி ரோசிலி. நாற்பது வயது இருக்கும், அவள் பேச ஆரம்பித்தால் இயந்திரங்களின் சத்தம் கேட்காது. வந்த முதல் நாளே எனக்குப் 'போஸ்ட் சார்' என்று பெயர் வைத்தாள்.

எனக்குக் கொடுத்தது கண்ணாடித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை. அதற்குள் ஒரு கருவி. புரொஃபைல் புரொஜெக்டர் என்று பெயராம். பெண்கள் அதை 'நெழலுப்பெட்டி' என்றார்கள், அதுவே சரியான பெயர். கீழே ஒரு விளக்கு, அதன்மேல் கண்ணாடி மேடை, முகத்துக்கு நேரே முறத்தின் அகலத்துக்கு ஒரு வட்டத் திரை. மேடையில் வளையத்தை வைத்தால் அதன் ஓரத்து நிழல் இருபது மடங்கு பெரிதாகித் திரையில் விழும். ஒரு ஓரத்தைத் திரையின் நடுக்கோட்டில் நிறுத்தி, கைப்பிடியைச் சுற்றி மறு ஓரத்தையும் அதே கோட்டுக்குக் கொண்டுவர வேண்டும். மேடை எவ்வளவு நகர்ந்தது என்று பக்கத்துப் பெட்டியில் சிவப்பு எண்கள் ஓடும். நாற்பத்திரண்டு மில்லிமீட்டர், மேலே கீழே புள்ளி மூன்று வரை போகலாம். புள்ளி மூன்று என்றால் ஏறக்குறைய ஒரு தபால் அட்டையின் தடிமன். அது எனக்கு உடனே புரிந்தது.

புரியாதது மற்றது. முதல் நாள் கண்ணைத் திரையில் வைத்ததும் வளையத்தின் ஓரத்திலிருந்து கமுகு மரம் அளவுக்கு ஏதோ ஒன்று வளைந்து நெளிந்து நின்றது. அது அசைந்தது. நான் போட்ட சத்தத்தில் இரண்டு இயந்திரங்களை நிறுத்திவிட்டார்கள்.

ரோசிலி உள்ளே வந்து பார்த்தாள். வளையத்தை எடுத்தாள். என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தாள். நகத்தால் எதையோ கிள்ளி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"சாரே, இது ஒங்க துவர்த்துல உள்ள நூலு. ஒங்க மூச்சுலதான் ஆடுது. பேடிக்காண்டாம்."

அந்த முதல் வாரத்தில் துவர்த்து நூலையும் தூசியையும் குறை என்று நினைத்து அறுபத்து நான்கு நல்ல வளையங்களைக் கழித்துவிட்டேன். தங்கராஜ் பொறுமைசாலி. "அத்தான், நூலத் தள்ளிட்டு வளையத்தப் பாருங்க" என்றான். நான் அதைக் கேட்டுக்கொண்டேன். ஆனால் மனதில் ஏற்றிக்கொண்டது வேறு. வெளிச்சத்தை வைத்துப் பார்க்கிற கருவிகளுக்கு அழுக்கு ஆகாது, அழுக்கைத் துடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்று நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். மூன்று மாதத்தில் அந்த அறையில் துடைக்காத பொருள் எதுவும் இல்லை. துடைக்கிற துணியையும் துடைத்தேன்.

அப்போதுதான் கோயம்புத்தூரில் இருந்து கடிதம் வந்தது. பம்பு செய்கிற ஒரு பெரிய கம்பெனி. நாற்பத்திரண்டு மில்லிமீட்டர் வளையம் ஒரு வருடம் முழுக்க வேண்டும். முதலில் அவர்களுடைய இன்ஜினியர் நேரில் வந்து, கூடவே கொண்டுவரும் ஸ்கேனரில் முப்பது வளையங்களைச் சோதிப்பார். தேறினால் ஆர்டர். தேறாவிட்டால் இல்லை.

இல்லையென்றால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும். கையிலிருந்த பழைய ஆர்டர் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. வேறு வேலை வரும்வரை பிசிறு வெட்டுகிற பிரிவை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும் என்று தங்கராஜ் அந்தப் பெண்களிடம் முகத்தைப் பார்க்காமல் சொல்லியிருந்தான். அன்று மத்தியானம் ரோசிலி சோற்றுப் பாத்திரத்தோடு என் அறை வாசலில் வந்து நின்றாள். வழக்கமான கிண்டல் இல்லை.

"சாரே, எனக்க மோளு நர்சிங் ரெண்டாம் வருசம் படிக்குதா. சாந்திக்க மாப்பிள மரத்துல இருந்து விழுந்து கெடக்குதான். நாங்க பத்தொம்பது பேரும் ஒங்களத்தான் நம்பியாக்கும் இருக்கோம்."

என்னை. மாட்டுக்குப் பயந்து சாலையைக் கடக்கிற என்னை.

"அந்த ஸ்கேனரு எப்படி இருக்கும்?" என்று தங்கராஜைக் கேட்டேன்.

"கேமரா போல ஒண்ணுதான் அத்தான். வெளிச்சத்த வரிவரியா அடிக்குமாம். பொருளுக்க உருவத்த அப்படியே கம்ப்யூட்டருக்குள்ள எடுத்துருமாம். ஒரு வளையத்துல மட்டும் லெச்சக்கணக்குல புள்ளி எடுக்குமாம்."

லட்சம்! இருபது மடங்கு பெரிதாக்கிய கருவியிலேயே துவர்த்து நூல் கமுகு மரமாக நின்றது. லட்சம் புள்ளி பார்க்கிற கருவிக்கு முன்னால் ஒரு தூசி எப்படி நிற்கும்? பத்மநாபபுரம் அரண்மனை மாதிரி நிற்கும். அதற்குள் நாம் நடந்து போகலாம்.

இன்ஜினியர் புதன்கிழமை வருவதாகச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை காலை நான் முப்பது வளையங்களை எடுத்தேன். ஒவ்வொன்றிலும் பார்சலுக்குக் கட்டுவதுபோல ஒரு நூல் கட்டி, நூலில் ஒரு காகிதத் துண்டு, துண்டில் எண். ஒன்றிலிருந்து முப்பது வரை. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை நிழலுப்பெட்டியில் அளந்து நோட்டில் எழுதினேன். மிகச் சிறியது 41.88. மிகப் பெரியது 42.15. முப்பதும் முத்து மாதிரி எல்லைக்குள் இருந்தன. வேலை முடிந்தபோது மணி இரண்டு நாற்பது. அப்போதே குடையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போயிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இல்லை.

போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வளையத்தைத் தூக்கிப் பார்த்தேன். கறுப்புக்கு மேலே லேசாகச் சாம்பல் பூத்ததுபோல ஒரு வெளுப்பு. அடுத்ததை எடுத்தேன். அதிலும். முப்பதிலும்.

"ரோசிலி! இது என்ன வெள்ளையா இருக்கு?"

"அது பூக்கும் சாரே. செஞ்சு நாலு நாளு ஆனா ரப்பருக்கு உள்ள இருந்து வெளிய வரும். எப்பளும் உள்ளதுதான்."

எப்போதும் உள்ளது என்று யாராவது சொன்னால் மற்றவர்களுக்கு நிம்மதி வரும். எனக்கு, இத்தனை நாள் கவனிக்காமல் விட்டோமே என்று வேர்க்கும். ஈரத்துணியால் துடைத்தேன். கறுத்தது. காய்ந்தது. மறுபடி வெளுத்தது. ஊதினேன். தேய்த்தேன். சட்டை நுனியில் தேய்த்தேன். லட்சம் புள்ளியும் வெள்ளையாகத் தெரியப் போகிறதே, பத்தொன்பது பேர், சாந்தியின் மாப்பிள்ளை, நர்சிங் இரண்டாம் வருடம்.

அந்த நேரத்தில்தான் எனக்கு அரண்மனைத் தரை நினைவுக்கு வந்தது. லில்லியின் சித்தி மகன் துபாயிலிருந்து வந்தபோது அவனைப் பத்மநாபபுரத்துக்குக் கூட்டிப் போயிருந்தேன். அங்கே அந்தக் கறுப்புத் தரையில் என் வேட்டிக்கரை தெரிந்தது. கறுப்பு என்றால் அப்படி இருக்க வேண்டும். மேசை இழுப்பறையைத் திறந்தேன். உள்ளே அரைக்குப்பி தேங்காயெண்ணெய் இருந்தது. (கருவியின் விளக்குச் சூடு மண்டையைக் காயவைத்துவிடும் என்ற பயத்தில் மத்தியானம் உச்சியில் ஒரு கை வைத்துக்கொள்வேன். பட்டியலில் இருபத்தேழாவது.)

முதல் வளையத்தில் மூன்று துளி விட்டு விரலால் தேய்த்தேன். ஆகா! வெளுப்பு போன இடம் தெரியவில்லை. எருமைக்கன்று குளித்துக் கரையேறினதுபோல மின்னியது. முப்பதுக்கும் மூன்று துளி. நாளைக்குள் காய்ந்துவிட்டால்? இன்னொரு சுற்று, ஆளுக்கு இரண்டு துளி. தூசி விழக்கூடாது என்று பால்பொடி டின் ஒன்றில் அடுக்கி, மூடியை இறுக்கி, மேலே செய்தித்தாள் சுற்றி, நூல் கட்டினேன். பேருந்தில் போகும்போது எனக்கு நானே சிரித்துக்கொண்டேன். கண்டக்டர் மீதிச் சில்லறையைத் தரும்போது ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

மறுநாள் காலை இன்ஜினியர் வந்தார். மீசை வைத்த ஒருவரை எதிர்பார்த்திருந்தேன். வந்தது கவிதா என்ற இருபத்தெட்டு வயதுப் பெண். இரண்டு பெட்டிகள். ஒன்றில் ஸ்கேனர், அதை நிறுத்துகிற முக்காலி. மற்றதில் கம்ப்யூட்டர், சுழலும் தட்டு. மிகவும் மரியாதையான பெண், வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போட்டுப் பேசினாள். அந்த மரியாதையே எனக்குப் பயமாக இருந்தது.

டின்னைத் திறந்து ஒவ்வொரு வளையத்தையும் துணியால் ஒற்றி எடுத்து வரிசையாக வைத்தேன். ஒன்றாம் எண் தட்டில் ஏறியது. அறையின் விளக்கை அணைத்தார்கள். ஸ்கேனர் நீலவெள்ளை வரிகளை அடித்தது. தட்டு சுழன்றது. தங்கராஜ், நான், கண்ணாடிக்கு அந்தப்பக்கம் ரோசிலி, மூன்று பேரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம். திரையில் மெல்ல மெல்ல உருவம் வந்தது. தட்டு வந்தது. நூல் வந்தது. நூலின் நுனியில் என் காகிதத் துண்டு சுருக்கம்கூட விடாமல் வந்தது.

வளையம் வரவில்லை.

கவிதா மறுபடி ஓட்டினாள். மறுபடியும் தட்டு, நூல், காகிதம். வளையம் இருக்க வேண்டிய இடத்தில் அங்கங்கே நான்கைந்து துணுக்குகள், எலி கடித்துப் போட்ட மிச்சம்போல.

"சார், இதுக்கு மேல ஏதாச்சும் பூசியிருக்கீங்களா? ரொம்பப் பளபளன்னு இருக்குதுங்க."

"இல்லை" என்றேன்.

நான் சொல்லவில்லை. என் வாய் சொன்னது. முப்பத்தாறு வருடம் நான்கு மாதத்தில் ஒரு தந்தியின் ஒரு சொல்லைக்கூட மாற்றாத வாய்.

"கறுப்பா, மினுமினுப்பா இருந்தா இதுக்குத் தெரியாதுங்க சார். அடிக்கிற வெளிச்சம் திரும்பிக் கேமராவுக்கு வராது, வேற பக்கம் தெறிச்சுரும். பரவால்லீங்க, வெள்ளைத்தூள் அடிச்சுப் பார்க்கலாம்." பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வளையத்தின் மேல் புஸ் என்று அடித்தாள். தூள் பனி மாதிரி படிய வேண்டும். படியவில்லை. அங்கங்கே உருண்டு திரண்டு நின்றது.

"புட்டுக்கு மாவு நனச்சது போல இருக்கே" என்று கண்ணாடிக்கு வெளியே ரோசிலியின் குரல்.

கவிதா விரலால் தொட்டு முகர்ந்தாள். "என்னமோ வாசம் வருதுங்களே?"

"அது எங்க ஊருல எல்லாத்துலயும் வரும் மேடம்" என்றான் தங்கராஜ். பாவம், அவனுக்கு ஒன்றும் தெரியாது. "சுத்திலும் தெங்குல்லா."

அவள் சிரிக்கவில்லை. "சரிங்க, ஸ்கேனர் பிறகு பார்த்துக்கலாம். உங்க புரொஜெக்டர்ல முதல்ல விட்டம் பார்த்துடறேன்" என்று நிழலுப்பெட்டியின் முன் உட்கார்ந்தாள். நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். விட்டம் எனக்குத் தெரியும். இரண்டு தடவை அளந்தது. நோட்டில் இருக்கிறது.

சிவப்பு எண்கள் ஓடி நின்றன. 42.74.

மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டேன். 42.74-தான். இரண்டாம் எண், 42.69. மூன்றாம் எண், 42.81. எல்லை 42.30. ஒரு வளையம்கூட உள்ளே இல்லை. ஏழாவது, எட்டாவது, பதினொன்றாவது. ஒரே ராத்திரியில் முப்பது வளையங்களும் பெருத்துவிட்டன! முதலில் எனக்குத் தோன்றியது, யாரோ டின்னோடு மாற்றிவிட்டார்கள் என்று. ஆனால் நூல் என்னுடையது. முடிச்சு என்னுடையது. கையெழுத்து என்னுடையது.

கவிதா முப்பதையும் அளந்து முடித்தாள். பிறகு என் நோட்டைக் கேட்டாள். ஒன்றாம் எண்ணுக்கு நேரே விரலை வைத்தாள்.

"இங்க நாப்பத்திரண்டு புள்ளி பூஜ்யம் மூணுன்னு இருக்குதுங்க. நேத்து எழுதினதுங்களா?"

"ஆமா."

"இந்தப் பெட்டியிலயே அளந்ததுங்களா?"

"ஆமா."

தங்கராஜ் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "சார், தப்பா நினைக்காதீங்க. அளக்காம எழுதினதுங்களா?" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பத்தொன்பது கத்திகளும் நின்றுவிட்டன. தங்கராஜ் என்னைப் பார்க்கவில்லை, கூரையைப் பார்த்தான். எண்ணெய் விட்டதைச் சொன்னால் பொய் சொன்னவன். சொல்லாவிட்டால் பொய்யாக எழுதியவன். இரண்டில் எது பெரியது என்று நான் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கதவைத் தள்ளிக்கொண்டு ரோசிலி உள்ளே வந்துவிட்டாள்.

"மேடம், அப்படிச் சொல்லப்படாது. சாரு அளக்காம எழுதுத ஆளு இல்ல. அவரு சாயா குடிச்சாலும் எத்தற மடக்குன்னு எண்ணுவாரு. வேற எந்தக் குத்தம் வேணும்னாலும் சொல்லுங்க. இத மட்டும் சொல்லாதீங்க."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. இழுப்பறையைத் திறந்து குப்பியை எடுத்து மேசைமேல் வைத்தேன்.

"எண்ணெய்" என்றேன். "நேத்து. வெளுப்பு தெரியாம இருக்க."

"எவ்வளவுங்க?"

"வளையத்துக்கு மூணு துளி. பிறகு ரெண்டு துளி. மொத்தம் நூத்தம்பது துளி."

தங்கராஜ் அங்கிருந்த முக்காலிமேல் உட்காரப் போனான். அது ஸ்கேனரின் முக்காலி. கவிதா அவனைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தான்... ரப்பருக்கா? ரப்பருக்கா எண்ணெய் விட்டிய?"

"சாரே!" ரோசிலி தலையில் கை வைத்தாள். "சைக்கிளு வால்டியூப்புல எண்ணெய் பட்டா ஊதி வீங்கிப் போவும்னு எனக்க வீட்டுக் கோழிக்குக்கூடத் தெரியுமே! ரப்பரு எண்ணெயக் குடிக்கும் சாரே! நீங்க தடவிட்டுப் போனியளா, அது விடிய விடியக் குடிச்சிருக்கு!"

ரப்பர் மரங்களுக்கு நடுவே அறுபத்தொரு வருடம் வாழ்ந்தவன் நான். குலசேகரம் சந்தியில் யாரை நிறுத்திக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் தபால் ஆபீசில் ரப்பர் என்றால் கட்டுக்குப் போடுகிற பட்டை. அதற்கு யாரும் எண்ணெய் தடவுவதில்லை.

கவிதா எழுந்து போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன். பெட்டிகளை மூடுவாள், கார் போகும், மாதக் கடைசி வரும். அவள் போகவில்லை. என் நோட்டையும் அவள் எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

"சார், ஒவ்வொண்ணும் எவ்வளவு கூடியிருக்குதுன்னு கழிச்சுச் சொல்றீங்களா?" அவள் கால்குலேட்டரை எடுத்தாள். எனக்கு அது தேவையில்லை. குரல் நடுங்கினாலும் கழித்தல் நடுங்கவில்லை. புள்ளி ஏழு ஒன்று. புள்ளி ஆறு எட்டு. புள்ளி ஏழு பூஜ்யம். முப்பது கழித்தல். எல்லாம் புள்ளி ஆறு ஆறுக்கும் புள்ளி ஏழு நான்குக்கும் நடுவே.

கடைசி எண்ணுக்குப் பிறகு பேனாவை மூடி வைத்தாள்.

"முப்பதும் கிட்டத்தட்ட ஒரே அளவு பெருத்திருக்குதுங்க. சும்மா மனசுக்குத் தோணினதை எழுதியிருந்தா இப்படி வராது. நேத்து நீங்க அளந்தது நிஜம்தாங்க சார்." நான் அழுதுவிடுவேன்போல இருந்தது. அதற்குள் அவளே தொடர்ந்தாள். "ஆனா இந்த முப்பதும் வேண்டாங்க. ஸ்டோர்ல இருந்து நானே புதுசா முப்பது எடுத்துக்கறேன். நீங்க தொடக்கூடாது."

தொடக்கூடாது என்பதை ரோசிலி ஏற்று நடத்தினாள். சோப்பு போட்டு மூன்று தடவை கை கழுவ வைத்தாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே ஒரு நாற்காலி போட்டு, கையை மடியில் வைக்கச் சொல்லி, பக்கத்தில் நின்றுகொண்டாள். "தலையிலயும் கை வைக்கப்படாது. அங்க மீதி இருக்கும்."

உள்ளே மறுபடி விளக்கு அணைந்தது. நீல வரிகள் ஓடின. துடைக்காத, பூத்த, வெளுத்த ஒரு வளையம் தட்டில் சுழன்றது. திரையில் தட்டு வந்தது. பிறகு வளையம் வந்தது. முழுசாக, ஓட்டை ஒடிசல் இல்லாமல், வளையத்துக்குரிய எல்லா லட்சணத்தோடும் வந்தது.

"இந்த வெளுப்பு நல்லதுங்க" என்று உள்ளே கவிதா தங்கராஜிடம் சொல்வது கேட்டது. "மினுமினுப்பை மறைச்சிருது. தூளே அடிக்க வேண்டியதில்லை."

ரோசிலி குனிந்து என்னைப் பார்த்தாள்.

முப்பது வளையம் முடிய இரண்டே முக்கால் மணி நேரம் ஆனது. நான் கூரை ஓடுகளை எண்ணினேன். தெரிகிற பக்கத்தில் நானூற்றுப் பன்னிரண்டு. உடைந்தவை ஒன்பது. கவிதா ஒவ்வொரு அளவையும் வாய்விட்டுச் சொல்ல, தங்கராஜ் எழுதினான். 42.06. 41.97. 42.11. ரோசிலி என் நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்திருந்தாள். அவள் பிடி இறுகுவதும் தளர்வதும் என் முதுகுக்குத் தெரிந்தது. இருபத்திரண்டாவது வளையத்துக்கு உள்ளே பேச்சு நின்றது. மறுபடி ஓட்டினார்கள். நிழலுப்பெட்டியிலும் வைத்துப் பார்த்தார்கள்.

"42.29" என்றாள் கவிதா.

எல்லை 42.30. ஒரு தபால் அட்டையின் தடிமனை முப்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்கு மிச்சம். நாற்காலி கிறீச்சிட்டது. மற்ற எட்டும் ஒழுங்காக நடந்துகொண்டன.

மாலை நான்கு மணிக்குக் கவிதா கையெழுத்துப் போட்டாள். பத்தொன்பது கத்திகளும் மறுபடி ஓட ஆரம்பித்தன. அதைவிட நல்ல சங்கீதத்தை நான் கேட்டதில்லை. அறிக்கையின் கடைசியில் கவிதா ஒரு வரி சேர்த்திருந்தாள்: ஆய்வு அறையில் எந்த வகை எண்ணெயும் இருக்கக் கூடாது. தங்கராஜ் அதை அப்படியே பலகையில் எழுதி மாட்டினான். அடுத்த நாளே அதன் கீழே சாக்குக்கட்டியால் யாரோ எழுதியிருந்தார்கள்: 'தலையில் உள்ளதும் சேர்த்து.' யார் என்று எனக்குத் தெரியும். அதன்பிறகு நான்கு வருடம், வேலையை விடும்வரை, நான் துணித்தொப்பி போட்டுக்கொண்டுதான் அந்த அறைக்குள் போனேன்.

பெருத்த முப்பது வளையங்கள் என்ன ஆயின என்று சொல்ல வேண்டும். குப்பையில் போடத் தங்கராஜுக்கு மனம் வரவில்லை. அந்தக் கிறிஸ்துமசுக்கு ஒரு பெட்டியில் வைத்து, வண்ணக்காகிதம் சுற்றி, அக்காவுக்குப் பரிசாகக் கொண்டுவந்தான். லில்லி அவற்றைக் கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிட்டாள். என் நூலோடு, என் எண்ணோடு. அன்று தொடங்கியது, இன்றுவரை வருடா வருடம் தொங்குகின்றன. குடும்பத்தில் யாராவது கொஞ்சம் பெருத்தால் போதும். தங்கராஜின் மகன் கல்ஃபிலிருந்து வயிறும் தானுமாக வந்து இறங்கினால், வாசலிலேயே லில்லி கேட்பாள்: "அங்க ஒனக்கு எத்தற துளி விட்டாவ மக்கா?"

எனக்கு இப்போது எழுபத்தைந்து. போன கிறிஸ்துமசுக்குத் தங்கராஜ் குடும்பம் வந்திருந்தது. ரோசிலியும் நர்ஸ் மகளோடு வந்திருந்தாள். எல்லோரும் கேக் தின்றுகொண்டிருக்க, நான் வழக்கம்போல மரத்தின் பக்கம் போய் எண்ணினேன். முப்பத்தொன்று.

மறுபடி எண்ணினேன். முப்பத்தொன்று. அன்றைக்கே தப்பாக எண்ணிவிட்டேனா? நோட்டில் இருந்தது முப்பதுதானே? அலமாரியிலிருந்து வெர்னியர் காலிப்பரை எடுத்து வந்து, ஒவ்வொரு வளையமாகக் கழற்றி அளக்க ஆரம்பித்தேன். வீட்டில் பேச்சுச் சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள் என்று தெரிந்திருக்கும். பத்தொன்பதாவதாகக் கழற்றியது கையில் கொஞ்சம் வித்தியாசமாக இருந்தது. 42.0. எண்ணெய் காணாத வளையம். அதன் துண்டில் என் கையெழுத்தைப் பார்த்து எழுதிய இன்னொரு பதினேழு.

"கண்டுபிடிச்சாச்சு!" என்று ரோசிலி கையைத் தட்டினாள். "பதினாறு நிமிசம். கண்ணு மங்கினாலும் கணக்கு மங்கல்ல."

"அது மட்டும் ஒத்தையா ஒல்லியா நிக்குதே" என்று லில்லி அடுக்களையிலிருந்து வந்தாள். கையில் எண்ணெய்க் குப்பி. "இதுக்கும் அஞ்சு துளி விடட்டா?"

வளையத்தைச் சட்டைப்பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். மேலே கையையும் வைத்துக்கொண்டேன். ராத்திரி படுக்கும்போதும் எடுக்கவில்லை.